ராத்திரியில் கதவைத் தட்டிய டார்வின்: அளவுக்கு மீறிய கவலை நோயாவது எப்போது?

ஊர்க்கூட்டம் ஒன்று முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பேசப்பட்டது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அன்று ராத்திரியே பாதிரியார் வீட்டுக்கு வந்து நின்றார் சார்லஸ் டார்வின். கூட்டத்தில் அவர் சொன்னது சரிதான். பாதிரியார் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால்? அதை விளக்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

ஆபீஸ் மீட்டிங்கில் சொன்ன ஒரே ஒரு வரியை நடு ராத்திரியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்த டார்வினை உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

1809-ல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்தவர். 1831 கடைசியில் பீகிள் கப்பல் கிளம்பக் காத்திருந்தபோது நெஞ்சு படபடத்தது, வலித்தது. இதய நோய்தான் என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டரிடம் போகவில்லை, போனால் பயணம் வேண்டாம் என்பாரே! அப்போது வயது 22. கிட்டத்தட்ட 5 வருடம் உலகம் சுற்றித் திரும்பினார்.

1837-ல் பரிணாமம் பற்றிய குறிப்பேட்டைத் தொடங்கிய சில மாதங்களில் படபடப்பு மறுபடி வந்தது. பிறகு வாந்தி, நடுக்கம், தூக்கமின்மை. விருந்தாளிகளிடம் கொஞ்ச நேரம் பேசினாலே உடம்பு படுத்தும். 1842-ல் லண்டனை விட்டு டவுன் கிராமத்துக்குக் குடிபோனார். யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே பார்க்க, படிப்பறை ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடியை மாட்டிவைத்தார்.

மனைவி எம்மா, தாய்மாமன் மகள். நம்ம ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவருக்கோ அது தீராத கவலை. பிள்ளைகளில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், தன் நோய்தான் அவர்களுக்கும் வந்துவிட்டதோ என்று நினைப்பார். 10 பேரில் 3 பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள். செல்ல மகள் ஆனி 1851-ல் போனபோது அவளுக்கு வயது 10. உறவில் மணந்தவர்களா என்று 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி நாடாளுமன்றம் வரை முயன்றார். நிராகரித்துவிட்டார்கள். (டேட்டா வேலை பார்க்கும் எனக்கு அவருடைய வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இது.)

இதற்கு என்ன பெயர்?

சரி, கவலைக்கு நிஜமான காரணம் இருந்ததே? இருந்தது. ஆனால் மகளின் காய்ச்சலும், பாதிரியாரிடம் சொன்ன ஒரு வாக்கியமும் ஒரே மாதிரி தூக்கத்தைக் கெடுக்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. குறைந்தது 6 மாதம், பெரும்பாலான நாட்கள், ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், நிறுத்த நினைத்தாலும் நிற்காத கவலை. கூடவே தூக்கமின்மை, சோர்வு, தசை இறுக்கம், எரிச்சல். இதைத்தான் பொதுப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றதே 1980-ல்தான். டார்வினுக்கு இருந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பீதி நோய், தென் அமெரிக்காவில் தொற்றிய சாகஸ் நோய், பால் ஒவ்வாமை என்று மருத்துவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இன்று பேச்சு சிகிச்சை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலும். டார்வினுக்குக் கிடைத்தது ஈரத்துணி சுற்றும் குளிர்ந்த நீர் சிகிச்சை. 1849 முதல் 5 வருடத்துக்கு மேல் தினமும் உடல்நிலையைக் குறித்துவைத்தார், நல்ல நாட்களுக்குத் தனிக் கோடு போட்டு. 1859 நவம்பரில் அவருடைய புத்தகம் வெளியானபோதும், அடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டில் அதைப் பற்றிய பெரும் விவாதம் நடந்தபோதும் அவர் இருந்தது நீர் சிகிச்சை நிலையங்களில்.

22 வயதில் பயந்த இதய நோய், 1882-ல் 73 வயதில்தான் உயிரை எடுத்தது. அதுவரை அவருடைய நாட்கள் கடிகாரம் மாதிரி ஓடின: வேலை, தோட்டத்து மணல் பாதையில் நடை, கடிதங்கள், இரவானால் எம்மாவோடு 2 ஆட்டம் பேக்கேமன். அதற்கும் கணக்கு வைத்திருந்தார். 1876 நிலவரப்படி அவர் ஜெயித்தது 2,795, எம்மா 2,490.