தாத்தா மார்பில் அணிந்த பெயர்

செப்டம்பர் 18 வந்தால் நம் சேரிகளில் ஒரு படத்துக்கு மாலை விழும். தலைப்பாகை, நீண்ட கோட்டு, அகன்ற மீசை. திவான் பகதூர் என்ற பட்டம் நம் பிள்ளைகள் பலருக்கு நினைவிருக்காது. அவர்கள் அவரைத் தாத்தா என்றே அழைக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசனுக்கு நாம் கொடுத்த பட்டம் அதுதான். வெள்ளை அரசு கொடுத்த மூன்று பட்டங்களைவிட அது நீண்ட நாள் நிலைத்திருக்கிறது.

தாத்தா என்று கூப்பிடுகிற நாம், அவரைக் குடும்பத்து மனிதராக அதிகம் நினைத்துப் பார்த்ததில்லை. இந்த வாரம் அப்படி நினைத்துப் பார்ப்போம்.

செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகம் பக்கத்தில் உள்ள கோழியாளம் அவர் பிறந்த ஊர். 1859 ஜூலை 7 அன்று பிறந்தார். வறுமையும் சாதிக் கொடுமையும் அந்தக் குடும்பத்தை ஊரைவிட்டுக் கிளப்பின. தஞ்சாவூர் போனார்கள், பிறகு கோயம்புத்தூர் போனார்கள். பிழைப்புக்காக மூட்டை கட்டிய நம் குடும்பங்களில் அதுவும் ஒன்று.

கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் ஏறக்குறைய 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று அந்தச் சிறுவன் யாரோடும் விளையாடப் போகவில்லை. பள்ளிக்கு முன்னதாக வந்தாலும் வெளியிலேயே இருந்து படிப்பான். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவான். பள்ளி விட்டதும், கூடப் படிக்கிறவர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவான். தன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகப் பட்ட பாடு இது. 1939இல் எழுதிய ஜீவிய சரித்திர சுருக்கம் என்ற சிறு நூலில் இதை அவரே சொல்லியிருக்கிறார். எண்பது வயதிலும் அந்த வலி மறக்கவில்லை.

படிப்பை முடித்து நீலகிரியில் ஆங்கிலேயரின் வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பத்தாண்டு வேலை பார்த்தார். 1887இல் ரங்கநாயகி அம்மாளைக் கைப்பிடித்தார். இரண்டு ஆண் பிள்ளைகள், நான்கு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். மாதச் சம்பளம், மனைவி, மக்கள் என்று வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் வேலையை விட்டு 1890இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டே பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார்.

1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை நடத்தத் துணிந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் பறையன். வீட்டுக்குப் போகும் வழியைக்கூட மறைத்த சிறுவன், வளர்ந்து ஆளானதும் அந்தப் பெயரையே தலைப்பாக அச்சடித்தார். மாத இதழாகத் தொடங்கியது, சில மாதங்களில் வார இதழானது. பிறகு சொந்த அச்சுக்கூடமும் வந்தது. ஒரு வழக்கில் நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோது, நம் மக்களே பணம் திரட்டிக் கட்டினார்கள். கூலி வேலை செய்தவர்கள் தங்கள் பத்திரிகைக்காகக் கொடுத்த காசு அது.

அவருடைய சகோதரி தனலட்சுமியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். ஒரே குடும்பத்தில் இரண்டு பெரிய தலைவர்கள். இருவருக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. பறையன் என்ற பெயரைப் பண்டிதர் ஏற்கவில்லை. அவர் பௌத்தம் தழுவினார், சீனிவாசன் தழுவவில்லை. இருவரும் தங்கள் வழியில் நம் மக்களுக்காகவே உழைத்தார்கள். இன்று கருத்து வேறுபட்டதும் பேச்சை நிறுத்திக்கொள்கிற நாம், இந்த மாமன் மைத்துனர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

நம் குறைகளை லண்டனில் நேரில் சொல்ல வேண்டும் என்று 1900இல் கப்பல் ஏறினார். அந்தப் பயணம் ஆப்பிரிக்காவிலேயே நின்றுபோனது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கே வழக்கறிஞராக இருந்த காந்திக்குத் தமிழ் கற்க உதவினார். ஊர் திரும்பும்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மற்றவர்கள் திண்ணையில் உட்காரும் வயதில் அவர் 1923இல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தார்.

1924இல் அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும், எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும், எந்தச் சாதியாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றையும் எல்லோரும் பயன்படுத்தலாம். தீர்மானம் நிறைவேறி, அரசாணையாகவும் வந்தது. நூறு ஆண்டு ஆகிறது. அந்த ஆணை எழுதிய சாலையில் செருப்போடு நடக்கவும் சைக்கிளில் ஏறிப் போகவும் நம் மக்கள் சில ஊர்களில் பின்னும் பல காலம் போராட வேண்டியிருந்தது.

1928இல் ரங்கநாயகி அம்மாள் காலமானார். நாற்பது ஆண்டு கூட வந்தவர். கணவர் சபை, பத்திரிகை, பயணம் என்று அலைந்த காலத்திலும் அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது என்றால், அது இந்த அம்மாளால். தலைவர்களின் படத்துக்குப் பக்கத்தில் நாம் இவர்களின் படத்தை வைப்பதில்லை. அது நம் குறை.

மனைவியை இழந்த பிறகும் தாத்தா ஓயவில்லை. எழுபது வயதைக் கடந்து, 1930இல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோது, தன் சாதிப் பெயரையும் தான் தீண்டப்படாதவர்களின் பிரதிநிதி என்பதையும் எழுதிய பட்டையை மார்பில் அணிந்திருந்தார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னருக்கு விளக்கினார். மன்னர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். 1932இல் பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது.

1945 செப்டம்பர் 18 அன்று, 86 வயதில் கண் மூடினார். சென்னை ஓட்டேரியில் அடக்கம் செய்யப்பட்டார். ஒன்பது ஆண்டு கழித்து, காமராசர் அமைச்சரவையில் அவருடைய பேரன் பரமேசுவரன் இந்து அறநிலையத் துறைக்கு அமைச்சரானார். நம்மை வாசலில் நிறுத்திய கோயில்களின் பொறுப்பு, அந்த வீட்டுப் பிள்ளையின் கைக்கு வந்தது.

விடுதியில் தங்கிப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று இன்றும் உங்களிடம் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தயங்கி நிற்பது உங்கள் தப்பு இல்லை. தாத்தாவும் அப்படித்தான் ஓடி வீட்டுக்குப் போனார். அவர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள். அடுத்த செப்டம்பரில் மாலை போடும்போது, பக்கத்தில் ரங்கநாயகிப் பாட்டியின் பெயரையும் எழுதி வைப்போம்.