முழங்கையில் ஒரு சிறு கட்டி

லேக் கார்டன்ஸில் என்னோடு தங்கியிருக்கும் நண்பர், தம் கையில் எழுந்த கட்டியைத் தேர்வு முடிந்தபின் காட்டிக்கொள்ளலாம் என்றார். அவருக்கு நான் சொன்ன வரலாறு இது.

ரமண மகரிஷி 1879-இல் திருச்சுழியில் வேங்கடராமனாகப் பிறந்தார். மதுரையில் பள்ளி மாணவராயிருக்கையில் மரண பயம் ஒருநாள் அவரை ஆட்கொண்டது. உடல் மாண்டாலும் தான் மாள்வதில்லை எனத் தெளிந்தார். 1896-இல் வீட்டைத் துறந்து திருவண்ணாமலை சேர்ந்தவர், பின்னர் அங்கிருந்து அகலவேயில்லை.

முதுமையில் இடது முழங்கையருகே தோலடியில் சிறு கட்டியொன்று தோன்றிற்று. 1949 பிப்ரவரியில் அதை அகற்றினர், மீண்டும் வளர்ந்தது. சார்கோமா என்னும் புற்றுநோய் அது. ஓராண்டுக்குள் நான்கு முறை அறுவைச் சிகிச்சை. ரேடிய சிகிச்சையும் நடந்தது. கையையே எடுத்துவிடும் யோசனைக்கு அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

உடலைப் பொருட்படுத்தாதது அவருடைய ஞானம். நம் அலட்சியமோ ஞானமன்று, சோம்பல். கட்டியெல்லாம் புற்றன்று, ஆயினும் வளரும் கட்டி, ஆறாத புண், உருமாறும் மச்சம், நகத்தடியில் புதிதாய்த் தோன்றும் கரும்பட்டை ஆகியவை தேர்வுக்காகக் காத்திரா.

நாளை மருத்துவரிடம் வர நண்பர் இசைந்துவிட்டார்.