குழல்வாயை விரித்த டி லாவல்

பாலினின்றும் ஆடையைப் பிரிக்கும் யந்திரத்தை 1878 இல் ஆக்கிப் பெரும்பொருள் ஈட்டியவர், 1845 இல் சுவீடனிலே பிறந்த குஸ்தாவ் டி லாவல். பின்னர் அவர் கருத்து நீராவிச் சுழலியிற் சென்றது.

ஒடுங்கிச் செல்லும் குழலில் நீராவி விரைவு பெறும் என்பதை நாம் அறிவோம். ஆயின் அதற்கோர் எல்லையுண்டு. உலர்ந்த நிரம்பல் நீராவிக்குக் குழல்வாயின் அமுக்கம் உட்புகும் அமுக்கத்தின் ஏறக்குறைய 0.577 பங்கானதும், விரைவு ஒலிவேகத்தோடு நின்றுவிடும். வெளியமுக்கத்தை மேலும் குறைத்தாலும் பயனில்லை. இதுவே அவதி அமுக்க விகிதம்.

டி லாவலோ ஒடுங்கிய கழுத்துக்கப்பால் குழலை விரித்தமைத்தார். நீராவி ஒலியினும் விரைந்து பாய்ந்தது; அவரது சிறு சுழலி நிமிடத்துக்கு 30,000 முறை சுழன்றது.

புதுமுயற்சிகளிலே செல்வத்தை இழந்து 1913 இல் அவர் காலமானார். அவர் விரித்த குழலோ இன்றும் றொக்கற்றுகளை விண்ணுக்குச் செலுத்துகின்றது. எல்லை கண்டவிடத்துச் சோர்ந்து நில்லாமையே நாம் அவரிடம் கற்கும் பாடம்.