கோட்டா ராமசாமி யார்? 40 வயசுல டெஸ்ட் ஆடிய மெட்ராஸ்காரர் மாயமான கதை!

ரெண்டு விளையாட்டுல இந்தியாவுக்கு ஆடினவர், ஒருநாள் வீட்டை விட்டுப் போய் திரும்பவே இல்லைன்னா நம்புவீங்களா? அவர்தான் கோட்டா ராமசாமி.

மெட்ராஸ் கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சிபாபு நாயுடுவின் கடைசி மகன். பிறந்தது 1896-ல். (பேர்ல இருக்குற 'கோட்டா' தத்துப் போன குடும்பத்தோடது.) கேம்பிரிட்ஜில் படித்தவர். 1922-ல் டேவிஸ் கோப்பையில் டபுள்ஸ் ஆடினார்.

டெஸ்ட் வாய்ப்பு வந்தது 1936-ல், இங்கிலாந்தில். அப்போ வயசு 40! இப்போ 35 தாண்டினாலே ஓய்வு எப்போன்னு கேட்க ஆரம்பிச்சிடுறோம். மான்செஸ்டரில் 40, 60. ஓவலில் 29, அவுட் ஆகாமல் 41. ரெண்டே டெஸ்ட், 170 ரன், சராசரி 56.66. அதோட சரி, மறுபடி டெஸ்ட் ஆடவே இல்லை.

பிறகு நிர்வாகப் பக்கம் வந்தார். தேசிய அணித் தேர்வாளரா இருந்தார். 1952-53-ல் இந்தியா முதல்முறையா வெஸ்ட் இண்டீஸ் போனப்போ கேப்டன் விஜய் ஹசாரே, மேனேஜர் இவர். 5 டெஸ்ட்ல 4 டிரா, ஒண்ணுல மட்டும் தோல்வி.

1985 அக்டோபர் 15. 89 வயசு. சென்னை வீட்டிலிருந்து கிளம்பினார். அதுக்கப்புறம் அவரை யாரும் பார்க்கல. இறந்திருக்கலாம் என்றுதான் விஸ்டன் குறித்தது.