கடல் கடந்த தருமம்
நாவலர் பெருமான் வாழ்விலே நாம் காணத் தவறிய ஒரு பக்கம்

ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்திலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்களுடைய குருபூசையை நாம் கொண்டாடி வருகின்றோம். அன்று மேடையேறும் பெரியோர் அவருடைய வசன நடையைப் புகழ்வர்; பதிப்புத் திறத்தைப் போற்றுவர்; பிறசமயத்தாரோடு அவர் நிகழ்த்திய வாதங்களை எடுத்துரைப்பர். இவை யாவும் சொல்லத் தக்கனவே. ஆயினும், நாவலர் தாம் நடத்திய தருமங்களுக்குப் பொருளை யாரிடம் பெற்றார், யாருக்குச் செலவிட்டார், கடலுக்கு இக்கரையிற் பெற்ற காசை அக்கரையிலே ஏன் கொண்டுபோய்ச் செலவழித்தார் என்னும் வினாக்களை எழுப்புவார் மிகச் சிலரே. இன்று நம்மவர் உலகின் பல நாடுகளிலும் பரந்து வாழ்கின்றனர். தங்கள் பிறந்த மண்ணுக்கும், அங்குள்ள ஏழைகளுக்கும் பொருள் அனுப்புகின்றனர். ஆதலின், அவர் சரித்திரத்தை இந்த நோக்கோடு ஒருமுறை படித்துப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராகத் தோன்றினார். தந்தையார் தமிழிலே பல நாடகங்களை இயற்றிய புலவர். நாவலர் சிறு பிராயத்தினராய் இருக்கும்போதே தந்தையார் காலமாயினார். பின்பு, சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலத்தை வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அப்பாடசாலைத் தலைவராகிய பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ் கற்பித்ததோடு, விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியிலும் துணை நின்றார்.

மிஷன் பாடசாலையிற் படித்த நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பகுதி சிறப்பாகச் சிந்திக்கத்தக்கது. பாதிரிமார் செய்ததை நாவலர் வெறுத்து ஒதுக்கிவிடவில்லை, கூர்ந்து கவனித்தார். அவர்கள் தங்கள் சமயத்தை எவ்வாறு பரப்பினர்? பள்ளிக்கூடம் வைத்தனர், அச்சியந்திரம் வைத்தனர், ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துப் புத்தகமும் கொடுத்தனர். இதற்கான பொருளைக் கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த சாதாரண சனங்கள் சிறுகச் சிறுகக் கொடுத்து அனுப்பினர். சைவசமயிகளிடத்திலே பெருங்கோயில்கள் இருந்தன, மடங்கள் இருந்தன, செல்வர்களும் இருந்தனர். ஏழைப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் ஏற்பாடு ஒன்றே இல்லாதிருந்தது. அந்தக் குறையை நாவலர் கண்டார்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் மாத முடிவிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். மறு ஆண்டிலே தம் உத்தியோகத்தை விட்டார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சம்பளமின்றிக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அது. அரசாங்கத்தின் உதவிப்பணம் பல ஆண்டுகள் அதற்குக் கிடைக்கவில்லை. நாவலர் விவாகஞ் செய்யவில்லை. தமக்கென்று பொருள் தேடவுமில்லை. பள்ளிக்கூடத்தை நடத்தப் பொருள் எங்கிருந்து வந்தது?

வீடுகளிலிருந்து வந்தது. நாள்தோறும் உலையிலே அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறாக வைக்கும் பிடியரிசி முறையைச் சரித்திரகாரர் குறிப்பிடுகின்றனர். ஒரு பிடி அரிசியாலே எந்த வீடும் ஏழையாகிவிடாது. ஆனால், நூறு வீட்டுப் பிடியரிசி ஓர் ஆசிரியருக்கு உணவாகும். இதிலே மற்றுமொரு நன்மையும் உண்டு. பெருஞ் செல்வர் ஒருவர் தரும் பணத்தால் நடக்கும் தருமம் அவர் மனம் மாறினால் நின்றுவிடும். வீட்டுக்கு வீடு பெண்கள் கையால் எடுத்து வைக்கும் பிடியரிசியில் நடக்கும் தருமமோ ஊராருக்கு உரியதாகிவிடும். அதனைக் கேட்கவும் பார்க்கவும் அவர்களுக்கு உரிமை உண்டாகும்.

1849இல் நாவலர் தம் மாணாக்கர் சதாசிவம்பிள்ளையோடு சென்னபட்டணஞ் சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். அந்தப் பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். பாலபாடங்களும், சைவ வினாவிடைகளும், 1852இல் பெரியபுராண வசனமும், 1861இல் திருக்குறள் பரிமேலழகர் உரையும் அவர் முயற்சியால் அச்சேறின. அச்சியந்திரத்தால் வந்த வருவாயும் வித்தியாசாலைக்கே சென்றது. புத்தகம் பள்ளிக்கூடத்தை வளர்த்தது. பள்ளிக்கூடம் புத்தகத்துக்கு வாசகரை வளர்த்தது.

இனி, அக்கரைக் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் சைவருக்குச் சிதம்பரம் வெறும் யாத்திரைத் தலம் அன்று. தங்கள் முன்னோரின் தாயகம் என்று எண்ணி உருகும் சோழமண்டலத்தின் நெஞ்சம் அது. இந்தத் தொடர்புக்கு ஒரு பரம்பரைக் கதையும் உண்டு. பறங்கியர் ஆட்சியிலே, அதிகாரிகளின் உணவுக்கு வீட்டுக்கு ஒரு பசு முறைவைத்துக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை பிறந்ததாம். திருநெல்வேலியில் வாழ்ந்த ஞானப்பிரகாசர் அதற்கு உடன்பட மனமின்றி இரவோடிரவாகக் கடல் கடந்து சென்றார். வடதேசத்திலே கற்றுத் துறவு பூண்டார். சிதம்பரத்திலே ஒரு திருக்குளமும் தோண்டுவித்தார். ஞானப்பிரகாசர் குளம் என்று அதற்குப் பெயர். நாட்டைவிட்டு ஓடிய அகதி ஒருவர், தாம் போய்ச் சேர்ந்த ஊராருக்குத் தண்ணீர் கொடுத்தார் என்பதே இக்கதையின் சாரம். நாவலர் அந்த முனிவருடைய வழியிலே வந்தவர் என்பர்.

முன்னோர் குளம் வெட்டிய ஊரிலே நாவலர் பள்ளிக்கூடம் வைத்தார். 1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்தில் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. யாழ்ப்பாணத்தார் பொருள் உதவினர். அதிற் கற்றவர்களோ அவ்வூர்ப் பிள்ளைகள். யாழ்ப்பாணத்திலே பள்ளிக்கூடங்கள் போதாதிருந்த காலம் அது. இங்கே இல்லாதபோது அங்கே எதற்கு என்று கேட்டவரும் அன்று இருந்திருப்பர். அக்கேள்வி எக்காலத்தும் எழுவதே. அதற்கு நாவலர் தந்த விடையை அவர் செயலிலே காணலாம். வண்ணார்பண்ணைப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுச் சிதம்பரத்திலே திறந்தாரல்லர். இரண்டையும் நடத்தினார், இரண்டுக்கும் இரந்தார். அவர் பெயரைத் தாங்கிய பாடசாலை சிதம்பரத்திலே இன்றும் நடந்து வருகின்றது. 160 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தருமம் நிலைத்திருப்பது சிறிய காரியமா?

சிதம்பர வாசம் அவருக்கு அமைதியாகக் கழியவில்லை. கோயில் முறைமைகள் பற்றித் தீட்சிதர்களோடு பிணக்கு உண்டாயிற்று. இராமலிங்க சுவாமிகளுடைய பாடல்களை அருட்பா என்று வழங்குவது தகாது என அவர் கூறியதால் எழுந்த பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இந்த வழக்கைப் பற்றி இரு பக்கத்தாரும் எழுதிய எழுத்துக்கு அளவில்லை. நாம் அதிலே புகவில்லை. ஒன்றை மாத்திரம் சொல்ல விரும்புகின்றோம். இராமலிங்க சுவாமிகள் 1867இல் வடலூரிலே சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசித்தவர்க்கு அன்னமிட அடுப்பு மூட்டினார். அதன்பின் பத்து ஆண்டுகளுக்குள்ளே நாவலரும் யாழ்ப்பாணத்திலே ஏழைகளுக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பு மூட்டினார். சொல்லிலே எதிரெதிராய் நின்ற இருவரும் பசியின் முன்னே ஒரே காரியத்தைச் செய்தனர். வாதத்தை நினைவிற் கொண்ட நாம் அடுப்பை மறந்துவிட்டோம்.

அந்த அடுப்பின் கதை இது. 1876ஆம், 1877ஆம் ஆண்டுகளிலே மழை பொய்த்தது. தென்னிந்தியாவிலே இலட்சக்கணக்கானோரை மாய்த்த பெரும் பஞ்சம் அதே காலத்தது. யாழ்ப்பாணம் தன் வயலையும் நம்பி, இந்தியாவிலிருந்து வரும் அரிசியையும் நம்பி வாழும் நாடு. அக்கரையிலும் பஞ்சம், இக்கரையிலும் பஞ்சம் என்றால் ஏழை எங்கே போவான்? அரிசி விலை ஏறியது. பஞ்சத்தின் பின்னே பேதிநோயும் வந்தது. நாவலர் பொதுசனங்களிடம் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். அத்தோடு நின்றாரில்லை. அக்காலத்து அரசாங்க ஏசண்டராகிய துவைனந் துரையின் நிருவாகம் சனங்களின் துயரைத் தீர்க்கத் தவறியது என்று வெளிப்படையாக எழுதிக் கண்டித்தார். கஞ்சி ஊற்றுவது ஒரு கடமை. சனங்கள் கஞ்சிக்குக் கையேந்தும் நிலை ஏன் வந்தது என்று அதிகாரியைக் கேட்பது மற்றொரு கடமை. முதலாவதைச் செய்பவர் பலர். இரண்டாவதையும் சேர்த்துச் செய்பவர் அரியர்.

அவர் எடுத்த காரியம் எல்லாம் கைகூடியதென்று எழுதினால் அது பொய்யாகும். சைவப் பிள்ளைகள் தம் சமயத்தில் இருந்துகொண்டே ஆங்கிலங் கற்கவேண்டும் என்று 1872இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நடந்தபின், பொருள் முட்டுப்பாட்டால் அது மூடப்பட்டது. கோயிலுக்குக் கொடுக்கப் பழகிய கை பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் பின்வாங்கியது போலும். தலைவர் எத்துணைப் பெரியவராயினும், பின்னால் நிற்கும் சமூகம் கொடுக்காவிட்டால் தருமம் நில்லாது என்பதற்கு இதுவே சாட்சி.

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. நாவலர் தம் காலத்துச் சாதி ஒழுங்கை மீறியவர் அல்லர். அதனை ஆதரித்தே எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அவர் தொடக்கிய கல்வி இயக்கம் வாயிலைத் திறக்கவில்லை. அவர்களிற் பலர் எழுத்தறிந்தது மிஷன் பாடசாலைகளிலேதான். பெரியோரைப் போற்றும் மலரிலே இதை எழுதுவது முறையோ என்று சில முதியோர் எண்ணக்கூடும். நாவலர் மீது நமக்குள்ள பக்தி குறைந்ததனால் எழுதினோமல்லோம். அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடரவேண்டுமாயின், அவர் எங்கே நின்றுவிட்டார் என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

1879ஆம் ஆண்டிலே, சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் வரவேண்டும் என்று நாவலர் முன்னின்று உழைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி, 57 வயது நிரம்புமுன்னே சிவபதம் அடைந்தார். அவர் விதைத்தது பின்னர் முளைத்தது. 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அமைந்தது. நாவலரின் மூடப்பட்ட ஆங்கிலப் பள்ளிக்கூடம் இவ்வாறு மறுபிறவி எடுத்தது. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் எழுந்து கிராமங்கள் தோறும் பாடசாலைகளை நிறுவியது. அந்தக் காலத்திலே நம்மவர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். அவர்கள் அனுப்பிய வெள்ளிக் காசுகள் யாழ்ப்பாணத்திலே கல்வீடுகளாயின, கோயில்களாயின, பள்ளிக்கூடங்களுமாயின. 1983இன் பின்னர் இலண்டனுக்கும் கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சிதறியவர்கள் அதே வழியைத் தொடர்கின்றனர்.

ஆகவே, நாவலர் காலத்திலே யாழ்ப்பாணத்தார் கடலுக்கு அப்பாலுள்ள முன்னோர் நாட்டுக்குக் கொடுத்தனர். இன்று கடலுக்கு அப்பாலுள்ளோர் யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கின்றனர். கொடுத்த ஊர் பெறும் ஊராயிற்று. இதிலே நமக்கு நாணம் வேண்டியதில்லை, பொறுப்பு வேண்டும். வெளிநாட்டிலே இரவுவேலை செய்து ஒருவர் மிச்சம் பிடித்து அனுப்பும் பணம் பழைய பிடியரிசியே. அதனைக் கையேற்பவர் நம்மைப் போன்ற சங்கத்தாரே.

நாவலர் சரித்திரம் நமக்கு மூன்று காரியங்களைக் கற்பிக்கின்றது. முதலாவது, கோபுரத்தின் உயரத்தைக் கூட்டுமுன் அதன் நிழலிலே படிக்க வழியின்றி நிற்கும் பிள்ளையைப் பார்த்தல். வன்னியிலே போரினால் தந்தையை இழந்த பிள்ளையும், மலைநாட்டுத் தோட்டத்து லயத்திலே வளரும் பிள்ளையும் நமக்கு அயலார் அல்லர். சிதம்பரத்துப் பிள்ளை நாவலருக்கு அயலாராய் இருந்ததில்லை. இரண்டாவது, ஒரு செல்வரின் பெருங்கொடையிலும் பலரின் சிறுகொடையை நம்புதல். பெற்ற ஒவ்வொரு சதத்துக்கும் எல்லோரும் காணக் கணக்கு எழுதி வைத்தல். மூன்றாவது, கஞ்சி ஊற்றும்போதே பசி ஏன் வந்தது என்று கேட்கும் துணிவு.

இவற்றோடு நாலாவதாக ஒன்றை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். நமது சங்கத்தின் இரவுப் பாடசாலையாயினும் புத்தக உதவியாயினும், அங்கே வரும் பிள்ளையின் குலத்தை வினவாதிருத்தல் வேண்டும். நாவலர் திறக்காத வாயில் அது ஒன்றே. அதனைத் திறந்து வைப்பது இளைஞராகிய நம்முடைய கடன். முதியோர் நம்மோடு நின்று அதற்கு ஆசி கூறுவார்களாக.