கணக்கால் வாதாடிய கோகலே

1902-ம் ஆண்டு மார்ச் மாதம். கல்கத்தாவில் வைஸ்ராயின் சட்டசபை கூடியிருந்தது. வைஸ்ராய் கர்சான் பிரபு தலைமை வகித்தார். பட்ஜெட்டில் ஏழு கோடி ரூபாய் மிச்சம். பலரும் பாராட்டினார்கள்.

கோபால கிருஷ்ண கோகலே எழுந்தார். பாராட்ட மனசாட்சி இடந்தரவில்லை என்றார். பஞ்சத்தில் ஜனங்கள் வாடும்போது கஜானா நிரம்புவது செழிப்பின் அடையாளம் அல்ல. தேவைக்கு மேல் வரி வசூலிக்கிறார்கள் என்பதற்கே அது சாட்சி என்று வாதாடினார்.

மேஜையைத் தட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. சர்க்கார் வெளியிட்ட புள்ளிவிவரங்களையே எடுத்துச் சர்க்காருக்கு எதிராக அடுக்கினார். அதுதான் கோகலேயின் பாணி.

அண்ணன் அனுப்பிய பணம்

கோகலே 1866-ல் ரத்னகிரி மாவட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 13 வயதில் தந்தையை இழந்தார். அண்ணன் கோவிந்தராவ் படிப்பை விட்டுவிட்டு, மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குப் போனார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார். ஓர் அணாவின் அருமை கோகலேக்குத் தெரிந்தது இப்படித்தான்.

பூனாவில் ஆசிரியரானார். கணக்குப் பாடப் புத்தகமும் எழுதினார். நீதிபதி ரானடே அவருக்குக் குரு. புள்ளிவிவரங்களில் கை தேர்ந்த ஜி. வி. ஜோஷி பட்ஜெட் பேச்சுக்குத் துணை நின்றார்.

பட்ட அடி

1897-ல் கோகலே இங்கிலாந்தில் இருந்தார். பூனாவில் பிளேக் தடுப்பு வேலையின்போது சோல்ஜர்கள் செய்த அட்டூழியங்களைப் பற்றி நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். அதை அங்கே வெளியிட்டார். ஊர் திரும்பியதும் ஆதாரம் கேட்டார்கள். எழுதியவர்களின் பெயரைச் சொல்ல வழியில்லை. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சொந்த நாட்டாரே ஏசினார்கள். அப்படி அவமானப்பட்டவர்தான், ஐந்தே ஆண்டுகளில், மறுக்க முடியாத ஆதாரங்களோடு வைஸ்ராயின் முன் நின்றார்.

உப்புக்கு வரி

அந்தச் சபையில் பட்ஜெட் மீது பேசலாம். ஓட்டுப் போட முடியாது. பேச்சு ஒன்றே ஆயுதம். உப்பு வரியால் ஏழையின் சோற்றில் உப்புக் குறைகிறது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டினார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த வரி, 1903-ல் இரண்டு ரூபாய் ஆயிற்று. 1907-ல் ஒரு ரூபாயாக இறங்கியது. வருமான வரி விலக்கு வரம்பு 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்ததும் 1903-ல்தான். சின்னச் சம்பளக்காரர்கள் மூச்சு விட்டார்கள்.

எல்லாவற்றிலும் வெற்றி கிட்டவில்லை. கட்டாய ஆரம்பக் கல்விக்காக 1911-ல் மசோதா கொண்டுவந்தார். மறு ஆண்டு அது 13-க்கு 38 ஓட்டில் தோற்றது. தோற்கும் என்று தெரிந்தேதான் வாதாடினார். தோல்வியின் மேல் ஏறித்தான் பின்வருவோர் வெற்றி காண்பார்கள் என்பது அவர் நம்பிக்கை.

1915 பிப்ரவரி 19-ல், 48 வயதில் காலமானார். அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்துக்கு அடுத்துத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர் - வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். கோகலே கேட்ட கல்வி உரிமை, 2010-ல் சட்டமாக அமலுக்கு வந்தது.