விலைவாசிப் பழியைத் தாமே ஏற்ற அமைச்சர்

பெருந்துறையில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வருவோரின் உரையாடல் இந்நாளில் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றியே அமைகின்றது. அரிசி மூட்டையின் விலை, சமையல் எரிவாயு உருளையின் விலை, விசைத்தறிக்கும் வீட்டுக்கும் வரும் மின் கட்டணம் என்பனவே அப்பொருள். மக்கள் அரசைக் குறை கூறுகின்றனர். மாநிலத்தை ஆள்வோர் மத்தியில் ஆள்வோரைக் கைகாட்டுகின்றனர். மத்தியில் ஆள்வோரோ உலகச் சந்தையைக் காட்டுகின்றனர். பழியைத் தம் தோளில் ஏற்க முன்வருவார் எவருமிலர்.

ஹஸரத் உமர் (ரலி) அவர்களின் இரவு நடை ஒன்றை நாம் அனைவரும் சிறு வயது முதல் கேட்டிருக்கின்றோம். மதீனாவுக்கு வெளியே ஒரு பெண் அடுப்பில் வெறும் நீரைக் கொதிக்க வைத்து, பசியால் அழும் பிள்ளைகளை உறங்கச் செய்ய முயன்று கொண்டிருந்தாள். எதிரில் நிற்பவர் யாரென அறியாமலே அவள் கலீஃபா மீது குற்றம் சாட்டினாள். கலீஃபா எதிர்வாதம் செய்யவில்லை. பொதுக் களஞ்சியத்துக்குத் திரும்பி, மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்து, தாமே அடுப்பை ஊதினார். சுமையைத் தாம் ஏற்பதாகக் கூறிய பணியாளுக்கு அதனைத் தர அவர் இசையவில்லை. மறுமையில் தம் சுமையை வேறொருவர் சுமக்க இயலாது என்பதே அவர் காட்டிய காரணம். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தில், மக்கள் நிலை சீராகும் வரை நெய்யையும் பாலையும் இறைச்சியையும் அவர் தீண்டவில்லை என்றும் வரலாறு கூறுகின்றது.

அப்பெருமகனாரின் மரபை நம் நாட்டு அரசியலில் நினைவூட்டியவர் மர்ஹூம் ரஃபி அகமது கித்வாய் ஆவார்.

1894 பிப்ரவரி 18ஆம் நாள், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்து மஸௌலி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அலிகாரில் பயின்று பட்டம் பெற்றார். சட்டப் படிப்பைத் தொடர்ந்து கொண்டிருந்தபோது ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. படிப்பைத் துறந்து சிறை புகுந்தார். பின்னர் மோதிலால் நேருவின் அந்தரங்கச் செயலாளரானார். 1926இல் மத்திய சட்டசபை உறுப்பினரானார். 1937இல் ஐக்கிய மாகாணத்து அமைச்சரவையில் இடம்பெற்றார்.

1947இன் கலவரங்களில் அவருடைய தம்பி ஷஃபி அகமது முசௌரியில் கொல்லப்பட்டார். தம்பியின் மனைவி அனீஸ் கித்வாய் அத்துயரைச் சுமந்து கொண்டே டில்லியின் அகதி முகாம்களில் தொண்டாற்றினார். கித்வாய் சாகிபும் கடமையை விட்டு அகலவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சராக அவர் பணிபுரிந்தார். 1949இல் தொடங்கிய இரவு விமானத் தபால் அவர் காலத்துச் சாதனை. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களின் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தபால் பைகளை மாற்றிக் கொள்ளும். இன்று இது வேடிக்கையாகத் தோன்றலாம், அன்று பெரும் விந்தை.

அவரது பெயரை அடித்தட்டு மக்களின் இல்லங்களுக்குக் கொண்டு சென்றது 1952இல் ஏற்ற உணவு அமைச்சுப் பொறுப்பே.

அன்றைய நிலையை இளையோர் அறியார். நெல்லை ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லத் தடை. பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுக்கும் அரிசியோ வயிற்றுக்குப் போதாது. 1948இல் தொடங்கிய கீழ்பவானி அணை வேலை இன்னும் நிறைவு பெறவில்லை. பெருந்துறைச் சுற்றுவட்டாரம் சோளத்தையும் கம்பையும் ராகியையும் நம்பி, வானத்தை நோக்கி வாழ்ந்த காலம் அது. உணவுத் தட்டுப்பாட்டின் கோபம் 1952 தேர்தலில் வெடித்தது. சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது, முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோல்வியுற்றார்.

கட்டுப்பாட்டை நீக்கினால் விலை வானளாவ ஏறும் என அதிகாரிகள் அஞ்சினர். அவ்வச்சத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை. 1947 இறுதியில் காந்தியடிகளின் வற்புறுத்தலால் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, விலைகள் ஏறவே, 1948இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1943இன் வங்கப் பஞ்சமும் எவர் மனத்தை விட்டும் நீங்கியிருக்கவில்லை. ஆகவே தவறு நேர்ந்தால் பட்டினியின் பழி முழுவதும் ஓர் அமைச்சரின் தலையில் விழும் என்பது தெளிவு.

கித்வாய் அதனை அறிந்தே இறங்கினார். தட்டுப்பாட்டில் பெரும் பகுதி அச்சத்தின் விளைவு என்பது அவர் கணிப்பு. நாளை கிடைக்காது என்னும் பயத்தால் விவசாயி மறைக்கின்றான், வணிகன் பதுக்குகின்றான், வாங்குவோன் தேவைக்கு மேல் சேர்க்கின்றான். அரசின் கையிருப்பைப் பெருக்கி, விலை ஏறும் இடத்தில் தானியத்தைக் கொட்டினால் பதுக்கியவனே அஞ்சி வெளியே கொணர்வான் என்று அவர் நம்பினார். 1952 ஜூனில் சென்னை முதலமைச்சர் ராஜாஜி பங்கீட்டை நீக்கியபோது, டில்லியில் அவருக்குத் துணை நின்றவர் கித்வாய். பின்னர் படிப்படியாக நாடெங்கும் தானியக் கட்டுப்பாடு தளர்ந்து, 1954இல் அரிசிக்கும் நீங்கியது.

இங்கே நம் மார்க்கத்தின் நெறி ஒன்றும் நினைவுக்கு வருகின்றது. மதீனாவில் விலைகள் உயர்ந்தபோது, விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. எவருடைய பொருளிலும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. அதே வேளையில் பதுக்கலைப் பாவம் எனக் கண்டித்தார்கள். கித்வாய் இதனை எண்ணித்தான் செயல்பட்டார் என்று நாம் சொல்ல வரவில்லை. எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

வெற்றியில் மழைக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1953இல் பருவமழை நன்கு பெய்து விளைச்சல் பெருகியது. மழை பொய்த்திருப்பின் வரலாறு அவரை வேறு விதமாகப் பேசியிருக்கும். விலை இறங்கியதிலும் ஒரு துன்பம் இருந்தது. 1954, 1955 ஆண்டுகளில் தானிய விலை மிகவும் சரிந்து, இம்முறை உழவர்கள் முறையிட்டனர். அவர்களைக் காக்க அரசு கொள்முதலில் இறங்க நேர்ந்தது. உண்போனுக்கு இனிக்கும் விலை உழுவோனுக்குக் கசக்கும் என்பதைச் சந்தைக்கு மஞ்சளும் நிலக்கடலையும் கொண்டு செல்லும் நம் பகுதியினருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கொடுப்பதில் அவர் கை சுருங்கியதே இல்லை. தம்மிடம் இல்லாதபோது கடன் வாங்கியும் கொடுத்தார். செல்வரிடம் பெற்று வறியோர்க்கு வழங்கிய அவ்வழக்கத்தை அக்காலத்திலேயே சிலர் ஐயுற்றனர். அமைச்சர் ஒருவர் வணிகரிடம் கை நீட்டலாமா என்னும் அவர்கள் வினா நியாயமானதே. ஆயினும் அப்பொருளில் எதுவும் அவர் வீட்டில் தங்கவில்லை. அவருடைய ஒரே மகன் ஏழு வயதில் இறந்திருந்தான்.

1954 அக்டோபர் 24ஆம் நாள், டில்லியில் உரையாற்றிக் கொண்டிருந்தபோது மூச்சுத்திணறல் கண்டு, இதயம் நின்று அவர் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இரு ஆண்டுகள் நாட்டின் தானியக் களஞ்சியங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் விட்டுச் சென்றவை, மஸௌலியில் பழுதுற்ற பூர்வீக வீடும் தீர்க்கப்படாத கடன்களுமே.